பன்னிரண்டாவது புகைப்படம்

சிலெஞ்சே, லுசாகா
14 ஜூலை 2013

மரியாதைக்குரிய ஃபெபி அக்காவுக்கு,

லோம்பே எழுதுகிறேன். உங்கள் சித்தி மகன் லோம்பே. பெயரைப் பார்த்ததும் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடாதீர்கள். நேற்றிலிருந்து மூன்று முறை தொலைபேசியில் கூப்பிட்டேன். என் குரல் கேட்டதும் மூன்று முறையும் வைத்துவிட்டீர்கள். அதனால்தான் லுவான்ஷ்யா பேருந்து ஓட்டுநரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று உங்கள் தம்பி, நம் கட்டோங்கோவைப் பற்றிய ஆவணப்படத்தைப் பார்த்தேன். சனிக்கிழமை மூன்று மணிக்குக் காட்டினார்கள். ஜூலைக் குளிர், அரங்கில் எல்லோரும் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் இருபது வயதுப் பிள்ளைகள். பெல்பாட்டமும் உயரக் குதிகால் செருப்பும் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். எங்கள் காலத்தை யாரிடமோ வாடகைக்கு எடுத்து உடுத்தியது போல இருந்தது. பக்கத்தில் இருந்த பெண் என்னைக் கேட்டாள்: “அங்கிள், நீங்க நெஜமாவே செவன் ஷாஃப்ட் பேண்ட்ல வாசிச்சீங்களா? படத்துல உங்க சத்தம் கேக்குமா?”

“நான் பேஸ் கிடார்மா. தனியா கேக்காது. நிறுத்தினாதான் தெரியும்” என்றேன்.

நாங்கள் நான்கு பேரில் நான் ஒருவன்தான் மிச்சம் என்பதால் கடைசியில் மேடைக்குக் கூப்பிடுவதாக இயக்குநர் லுயாண்டோ சொல்லியிருந்தாள். நல்ல பெண். நாற்பது வருடத்துக்கு முந்தைய பாட்டுக்காக இரண்டு வருடம் அலைந்திருக்கிறாள்.

அக்கா, அவன் திரையில் வந்தான். சுரங்கத்துக் கிளப் மேடையில், 1974-இல் எடுத்தது, கால் நிமிடம்கூட இருக்காது. இடக்கையால் கிடார் வாசிக்கிறான். உச்சக் குரலுக்குப் போகும் முன் சின்னதாக ஒரு இருமல் இருமுவானே, அதுவும் இருந்தது. எனக்குப் பின்னால் யாரோ அழுதார்கள்.

பிறகு படம் சாவுக்கு வந்தது. ஆஸ்பத்திரி, கல்லறை, உங்கள் வீட்டு மாமரம். அதன்பின் ஒரு கலர்ப் புகைப்படம், மங்கியது. மாமரத்தடியில் கபெம்ப்வா மாமா தண்ணீர்க் கோப்பையை நீட்டுகிறார். பாயில் உட்கார்ந்து அதைக் குடிப்பவன் நான். மணிக்கட்டில் வெள்ளை மணிச்சரம். தினமும் காலையில் கண்ணாடியில் பார்க்கிற முகம், எனக்கு அடையாளம் தெரியாதா? ‘தம்பி லோம்பே தண்ணீர் குடித்து, இறந்தவரின் பெயரையும் இடத்தையும் ஏற்றார்’ என்று லுயாண்டோவின் குரல் சொல்கிறது. சனம் கைதட்டியது. மேடைக்கு அழைக்கும்போது, “கட்டோங்கோ ஐயா, வாங்க” என்றாள். நான் போனேன்.

நான் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை. அது உங்களைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. நடக்காத ஒன்றுக்குப் புகைப்படம் எங்கிருந்து வந்தது? என்னை அவமானப்படுத்த யாரையாவது வைத்து இட்டுக்கட்டினீர்களா? கோபமாகக் கேட்கவில்லை. கோபப்பட எனக்கு உரிமை இல்லை என்றும் தெரியும்.

லோம்பே

*

மிகொம்ஃப்வா, லுவான்ஷ்யா
2 ஆகஸ்ட் 2013

லோம்பே,

கடிதம் கிடைத்தது. அடுப்பில் போடத்தான் எடுத்தேன்.

அந்தப் பெண் வந்தபோது ஒரு செருப்புப் பெட்டியில் பதினொரு புகைப்படங்களைக் கொடுத்தேன். எண்ணித்தான் கொடுத்தேன். முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள், எண்ணாமல் எதையும் கையை விட்டு அனுப்பமாட்டேன். பெயர் ஏற்கும் சடங்கின் படம் எதுவும் அதில் இல்லை. அன்று யாரிடமும் கேமரா இல்லை. சடங்கும் இல்லை.

உனக்கு மறந்திருந்தால் நான் சொல்கிறேன். 1989, ஜூன், வியாழக்கிழமை. ஆண்களெல்லாம் வாசலில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர்கள் கூடிப் பேசி உன்னைத் தேர்ந்தெடுத்தார்கள். சித்தி பிள்ளை, கூடவே வளர்ந்தவன், கூடவே வாசித்தவன், வேறு யாரைக் கேட்பார்கள்? பாயைப் போட்டோம். கபெம்ப்வா மாமா கோப்பையோடு காத்திருந்தார். மணிச்சரம் என் கையில் இருந்தது. நீ காலைப் பேருந்தில் போய்விட்டாய் என்று எதிர்வீட்டுக்காரி வந்து சொன்னாள். மாமா நம்பவில்லை. மத்தியானம் வரை கோப்பையைக் கீழே வைக்கவில்லை. பிறகு தண்ணீரை மரத்தடியில் ஊற்றினார்.

கட்டோங்கோவின் மகள் கம்பாம்பாவுக்கு அப்போது ஐந்து வயது. “லோம்பே அப்பா எங்க போனாரு?” என்று கேட்டாள். கிடார் எடுத்துவரப் போயிருக்கிறார் என்றேன். எத்தனை வருடம் கேட்டாள் தெரியுமா?

பெயரை யாரும் எடுக்காவிட்டால் இறந்தவனுக்கு உட்கார இடம் இல்லை. அவன் நின்றுகொண்டேதான் இருப்பான். இதை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று வருடம் கழித்து நம் வழியில் பிறந்த ஒரு குழந்தைக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். நான்கு மாதம்தான் இருந்தது. அதற்குப் பிறகு யாரும் அந்தப் பெயரைத் தொடவில்லை. இந்த வீட்டுக் கதவை நான் சாத்தினாலும் சில நாள் திறந்து கிடக்கிறது. தாழ்ப்பாள் தேய்ந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இரண்டு தாழ்ப்பாள் மாற்றியாயிற்று.

இங்கே வராதே. எழுதினால் படிப்பேன், அவ்வளவுதான்.

படத்தில் அவன் எப்படி இருந்தான் என்று நீ சரியாக எழுதவில்லை. மெலிவதற்கு முன்னால் எடுத்ததுதானே?

இன்னொன்று. அந்தப் புகைப்படத்தில் கோப்பை என்ன நிறம்?

ஃபெபி

*

சிலெஞ்சே
12 ஆகஸ்ட் 2013

ஃபெபி அக்காவுக்கு,

மெலிவதற்கு முன்னால்தான். கன்னம் நிறைய இருந்தது. சிரித்துக்கொண்டே வாசித்தான். சட்டைப் பொத்தான் ஒன்றுகூடப் போடவில்லை. நீங்கள் பார்த்திருந்தால் திட்டியிருப்பீர்கள்.

கோப்பை நீலம். பீங்கான் பூசிய தகரம், விளிம்பில் ஓரிடத்தில் பூச்சு உதிர்ந்திருக்கிறது.

உங்களிடம் இட்டுக்கட்டினீர்களா என்று கேட்டேன். மன்னியுங்கள். முதலில் பொய் சொன்னவன் நான். போன திங்கட்கிழமை லுயாண்டோவின் அலுவலகத்துக்குப் போனேன். சடங்கைப் பற்றி உனக்கு யார் சொன்னது என்று அதட்டிக் கேட்டேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

“நீங்கதானே சொன்னீங்க?” என்றாள். போன வருடம் என்னைப் பேட்டி எடுத்ததைக் கணினியில் போட்டுக் காட்டினாள். அவர் பெயரை யார் ஏற்றது என்று அவள் கேட்கிறாள். நான் கொஞ்ச நேரம் தரையைப் பார்க்கிறேன். பிறகு நிமிர்ந்து, நான்தான், தண்ணீர் குடித்தேன் என்கிறேன்.

அப்படிச் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது அக்கா. மறந்துபோனது போல வைத்திருந்தேன். கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து, ஓடிப்போனேன் என்று எப்படிச் சொல்வது? ஒரு வார்த்தைதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

புகைப்படம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பெட்டியைத் திறந்து காட்டினாள். உங்கள் கையெழுத்தில் ‘திருப்பித் தரவும்’ என்று மூடியில் எழுதியிருக்கிறது. எண்ணினேன். பன்னிரண்டு. வாங்கும்போதே பன்னிரண்டுதான், எழுதி வைத்திருக்கிறேன் என்று நோட்டைக் காட்டினாள். அவள் பொய் சொல்பவள் இல்லை.

அந்தப் படத்தை வாங்கி வந்துவிட்டேன். ஒரு வாரம் வீட்டில் வைத்திருந்தேன், மேசையில் கவிழ்த்து. என்னால் முடியவில்லை. இத்துடன் உங்களுக்கே அனுப்புகிறேன். நீங்கள் அங்கே நின்றவர். என்னவென்று பார்த்துச் சொல்லுங்கள்.

சந்தையில் ஒரு அம்மா தன் பையனை “கட்டோங்கோ, இங்க வாடா” என்று கூப்பிட்டாள். தக்காளிக் கூடையைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் நடந்துபோனேன். பாதி தூரம் போனபிறகுதான் உறைத்தது.

லோம்பே

*

லுவான்ஷ்யா
25 ஆகஸ்ட் 2013

லோம்பே,

புகைப்படம் வந்து ஒரு வாரம் ஆகிறது. யாரிடமும் காட்டவில்லை. வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பார்ப்பது போல ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தேன்.

இடம் என் வாசல்தான். 95-இல் மின்னல் விழுந்து ஒடிந்த மாமரக் கிளை இதில் முழுசாக இருக்கிறது. கபெம்ப்வா மாமாதான். காலமாகிப் பதினேழு வருடம் ஆகிறது, இதில் திடமாக இருக்கிறார். இடப்பக்கம் நிற்பது நான். எனக்கு நாற்பத்தைந்து வயது. தலையில் கட்டியிருக்கும் மஞ்சள் துணியை அந்த வருடமே கிழித்துக் கந்தலாக்கிவிட்டேன். கோப்பை அதே கோப்பை.

நீ உன்னை மட்டும்தான் பார்த்திருக்கிறாய். அதையும் சரியாகப் பார்க்கவில்லை.

இருபத்துநான்கு வருடமாக நான் உன்னைப் பார்க்கவில்லை. அதனால் கேட்கிறேன், மறைக்காமல் எழுது. உன் தாடி இப்போது நரைத்திருக்கிறதா? கறுப்புச் சட்டமிட்ட கண்ணாடி போடுகிறாயா? முன்தலையில் முடி போய்விட்டதா? ஏனென்றால் எங்கள் எல்லோருக்கும் அன்றைய வயது. பாயில் உட்கார்ந்திருப்பவன் கிழவன். காதோரத் தழும்பை வைத்துத்தான் நீ என்று கண்டுபிடித்தேன். 1989-இல் உனக்கு மோவாயில் பத்து முடிகூடக் கிடையாது.

தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம் என்று எழுதியிருந்தாய். அதனால்தான் உனக்குத் தெரியவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எத்தனையோ பேரின் கண்ணை மூடிவிட்டவள் நான்.

வராதே என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்தப் பெண் செப்டம்பர் 21, சனிக்கிழமை இங்கே கிளப் அரங்கில் படத்தைக் காட்டுகிறாள். அதற்கு முந்தின நாள் வா. கபெம்ப்வா மாமா இல்லையே என்று சாக்குச் சொல்லாதே. அவர் பெயரை ஏற்றவன் ம்பொங்வேயில் இருக்கிறான். என் பேரன் வயது, ஆனால் நமக்கு மாமா அவன்தான். கோப்பையை அவன் பிடிப்பான். கம்பாம்பாவுக்கு அக்டோபரில் கல்யாணம். அப்பா இடத்தில் உட்கார ஆள் இல்லை. இருபத்தொன்பது வயதாகிறது, இப்போது அவள் எதையும் கேட்பதில்லை.

ஃபெபி

*

சிலெஞ்சே
8 செப்டம்பர் 2013

அக்கா,

நரைத்திருக்கிறது. கறுப்புச் சட்டம்தான். முன்தலையும் நீங்கள் சொன்னபடிதான். அந்தப் பழுப்புக் கோட்டை நான் போன வருடம்தான் வாங்கினேன். கடைசிப் பொத்தான் மட்டும் வேறு நிறம், நானே தைத்தது. புகைப்படத்திலும் அப்படித்தான் இருக்கிறதா என்று கேட்க மாட்டேன். பதில் வேண்டாம்.

வரவேண்டுமென்றால் ஏன் ஓடினேன் என்று முதலில் சொல்லியாக வேண்டும். அவன் மனைவி எஸ்தெலையும் என் தலையில் கட்டிவிடுவார்கள் என்று பயந்து ஓடியதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். அதுவே நீடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மை அதைவிடக் கேவலம்.

அந்த நோயின் பெயரை அப்போது யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. உங்கள் வார்டில் அவன் கடைசிக் கட்டில். ஒரு நாள் மாலை பார்க்க வந்திருந்தேன். நீங்கள் மருந்து எடுக்கப் போயிருந்தீர்கள். ஆஸ்பத்திரித் தேநீர் வந்தது, ஒரே ஒரு கோப்பை. அவன் இரண்டு மடக்குக் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினான். எங்களுக்குள் எப்போதும் அப்படித்தான். ஒரு சிகரெட், ஒரு பாட்டில், ஒரு தட்டு ந்ஷிமாக் களி, எல்லாவற்றையும் இருவராகத்தான் தொடுவோம்.

“இப்பதான் குடிச்சேன்டா” என்றேன்.

குடிக்கவில்லை. காலையிலிருந்து பேருந்தில் வந்தவன். அவன் கை அப்படியே நீட்டியபடி இருந்தது. நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அவனே மெதுவாகக் குடித்தான். பிறகு நாங்கள் ரேடியோவைப் பற்றிப் பேசினோம். பத்து நாளில் போய்விட்டான்.

அந்த வியாழக்கிழமை மாமா கழுவிக்கொண்டிருந்த நீலக் கோப்பையைப் பார்த்தேன். அவன் உயிரோடு நீட்டியபோது வாங்காதவன், செத்தபிறகு அவன் பெயரால் நீட்டும்போது எந்த முகத்தோடு வாங்குவது? அந்த நேரத்திலும், அக்கா, அந்தக் கோப்பையில் அவன் குடித்திருப்பானோ என்றும் ஒரு நினைப்பு ஓடியது. இரண்டும்தான் என்னைப் பேருந்தில் ஏற்றின.

வெள்ளிக்கிழமை, செப்டம்பர் 20, காலை வண்டியில் ஏறுகிறேன். இதைப் படித்தபிறகு வேண்டாம் என்று தோன்றினால் சொல்லியனுப்புங்கள். சொல்லாவிட்டால் வருவேன்.

லோம்பே

*

லுசாகா
29 செப்டம்பர்

மேட்ரன்,

என்ன, நலம்தானே? நீ வைத்த காபென்டா மீனில் உப்பு இன்னும் தூக்கல்தான். வாய் திறக்காமல் சாப்பிட்டேன், கவனித்தாயா? கம்பாம்பா நெட்டையாக வளர்ந்துவிட்டாள். நெற்றி என்னுடையது, பிடிவாதம் உன்னுடையது. மாப்பிள்ளைப் பையன் குனிந்தே உட்கார்ந்திருக்கிறான், கல்யாணத்துக்குள் நிமிர்ந்து உட்காரச் சொல்லு. என் மகளைக் கட்டுகிறவன் தரையைப் பார்த்தால் எனக்குப் பிடிக்காது.

படம் பரவாயில்லை. பாட்டை வழக்கம்போல முதல் சரணத்தோடு வெட்டிவிட்டார்கள். ஸ்டூடியோவிலும் அதையேதான் செய்தார்கள். அதனால்தான் அரங்கத்தில் மிச்சத்தைப் பாடினேன்.

லோம்பே அந்தத் தேநீரையே நினைத்துக்கொண்டிருக்கிறான். அவனிடம் சொல்லிவிடு. உங்கள் வார்டுத் தேநீர் பாத்திரம் கழுவிய தண்ணீர். அவன் நீட்டியிருந்தால் நானும் குடித்திருக்க மாட்டேன்.

உட்கார்ந்து ரொம்ப நாள் ஆயிற்று. கால் இப்போது வலிக்கவில்லை.

க.

*

லுவான்ஷ்யா
6 அக்டோபர் 2013

தம்பி,

கடிதத்தைப் படித்தேன். பிறகு துணி துவைத்தேன். பிறகு மறுபடியும் படித்தேன்.

இந்த உலகத்தில் என்னை மேட்ரன் என்று கூப்பிட்டவன் ஒருவன்தான். அதையும் வீட்டுக்குள்தான் சொல்வான், வார்டில் சொன்னால் எனக்குக் கோபம் வரும் என்று. லோம்பேவுக்கு அது தெரியாது. லோம்பே என்னை நீ என்று பேசவும் மாட்டான். கையெழுத்து இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. இடக்கையால் எழுதும்போது மை இழுபட்டுக் கறையாகுமே, அதுவும் இருக்கிறது.

சனிக்கிழமை அரங்கில் நான் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். திரையில் பாட்டு நின்றது, உன் வாயில் நிற்கவில்லை. லோம்பேயின் குரல் எனக்குத் தெரியும், அந்தக் காலத்தில் அவன் மைக்கை நீங்களே அணைத்து வைப்பீர்கள். உச்சத்துக்குப் போகும் முன் நீ இருமினாய். முன்வரிசைக் கிழவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். கம்பாம்பா என் கையைப் பிடித்து நசுக்கினாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடுமோ என்று இருந்தது.

அந்தப் பெண் லுயாண்டோ வெள்ளிக்கிழமை சடங்கைப் படம் எடுக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், ஏற்கெனவே எடுத்தாயிற்று என்றேன். விளங்காமல் பார்த்தாள். விளக்கவில்லை.

லோம்பே அந்தத் தண்ணீரைக் குடித்தபிறகு கதவு சாத்தினால் சாத்தியபடி இருக்கிறது. எனக்கு இப்போது அது பழக்கமில்லாமல் இருக்கிறது, நடுவில் எழுந்துபோய்ப் பார்க்கிறேன். கல்யாணம் இருபத்தாறாம் தேதி. இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடு. கம்பாம்பா நேற்று எதிர்வீட்டில் நின்று, “எங்கப்பா வர்றாரு” என்று சொன்னாள். சத்தமாகச் சொன்னாள்.

பயமா என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இருக்கிறது. ஆனால் இருபத்துநான்கு வருடம் நீ நின்றதைவிட இது பரவாயில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நீ பாட்டுக்கு அங்கேயே உட்கார்ந்துகொள்ளாதே. லோம்பேயையும் இருக்க விடு. இந்தத் தடவை வந்தபோது நான் பார்த்தேன், அவனுக்கு ரத்த அழுத்தம் நூற்றெண்பது இருக்கிறது. காலையில் வெள்ளை மாத்திரை, சாப்பிட்டபிறகு பாதி மஞ்சள் மாத்திரை. அவன் மறந்துவிடுவான். நீ ஞாபகமாகப் போட்டுக்கொள்.

அக்கா